ஒருக்களித்துப் படுத்தவளும் குப்புறப் படுத்தவரும்

செப்டம்பர் 2

அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நம் இருவருக்குமே சிரிப்பு வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இது ஒன்பதாம் மாதம். உங்களுக்கு இதுவரை சொல்லவில்லை. சொல்லும்படியாக இரண்டு வருடமாக நாம் வைத்துக்கொள்ளவும் இல்லை. இப்போதும் சொல்வதற்காக எழுதவில்லை, கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே டாக்டர் என்னை வேலைக்குப் போக வேண்டாம் என்றார், படி ஏற வேண்டாம் என்றார், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தே இருக்கச் சொன்னார். கடைசியாக, "உங்க அம்மாவுக்கும் இப்படி இருந்துச்சா? பிரசவத்துல வலிப்பு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அம்மா இருந்தால் அம்மாவிடம் கேட்டிருப்பேன். நான் பிறந்தபோது பக்கத்தில் இருந்தவர்களில் இப்போது மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் பிரஷர் மிஷினில் எண் ஏறும். உங்கள் வீட்டில் இருக்கும் இன்னொரு நம்பரையும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். யாரும் புறப்பட்டு வரவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

மகள்

---

செப்டம்பர் 5

இந்தக் கடிதத்தை என்னவென்று தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தொடங்காமலே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். மன்னிக்க வேண்டும். அவருக்குப் போன வாரம் கண்ணில் ஆபரேஷன். விழித்திரை கிழிந்து, அதை ஒட்ட வைத்திருக்கிறார்கள். ஒட்டியது ஒட்டியபடி இருக்க வேண்டுமென்றால் மூன்று வாரம் முகத்தைக் கீழே வைத்துக் குப்புறப் படுத்திருக்க வேண்டுமாம். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணாலும் வாசிக்கக் கூடாது. பழைய கட்டிலில் தலை வைக்கும் இடத்துப் பலகையைக் கழற்றி, முகம் பதியும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன். நாள் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ரோட்டைப் பார்த்தவருக்கு இப்போது இந்த வீட்டுத் தரை.

கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன், இன்னொரு நம்பர் விஷயம் உட்பட. "ஒன்பதாம் மாசமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தரையில் ஒரு சொட்டு விழுந்தது. "கண்ணு மருந்தா?" என்றேன். "ஆமா" என்றார். மருந்து போட இன்னும் நேரம் இருந்தது.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்குக் கடைசி மாதத்தில் காலும் கையும் வீங்கி, உங்கள் அப்பாவின் செருப்பைத்தான் போட்டுக்கொண்டாராம். பிரஷர் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, நாள் வருவதற்கு முன்னாலேயே மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். வலிப்பு வரவில்லை. இதை அவர் மூன்று தரம் சொன்னார், நானும் மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் பிரஷர் இறங்கிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். அந்த வாரம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் ஓட்டிய பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று என்று ஹாரன் அடிப்பாராம். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்குமாம். நீங்கள் பிறந்த அன்றைக்குப் போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். "எதுக்கு அடிச்சே?" "சும்மா, வீட்டுல கேக்கட்டும்னு." அதற்கு அபராதம் கட்டினாராம்.

இவ்வளவுதான். வரவும் மாட்டோம், போனும் செய்ய மாட்டோம்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? பிடிக்காவிட்டால் பதில் எழுத வேண்டாம். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதனால் என் முன்னால் யாரும் இதைப் பேச மாட்டார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். வருத்தமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இருக்கிறது. உள்ளே குழந்தை உதைக்கும்போது உண்மையில் எப்படி இருக்கும்?

பூட்டுக் கடையிலிருந்து

---

செப்டம்பர் 8

வணக்கம்.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். வலிப்பு இல்லை என்ற இடத்தில் விரலை வைத்து, "நல்லது" என்றார். நன்றி.

அப்பாவின் கண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லும்படி நானும் வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் பதில் எழுதலாம். எழுத மாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

முதலில் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என்னை 'நீங்கள்' என்று எழுத வேண்டாம், கூச்சமாக இருக்கிறது. அதற்காக உறவு கொண்டாடுவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா போய்ப் பத்தே மாதத்தில் அப்பா உங்களைக் கட்டிக்கொண்டார். பத்து மாதம் என்பது எவ்வளவு சின்னது என்று இப்போது எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. எங்கள் வீட்டுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழைந்தவர் என்றுதான் உங்களைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கும் பொருத்தமாக இருந்தது. அம்மாவின் பீரோவை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நீங்கள் கேட்டது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். மாமியார் இப்படிப் படு என்கிறார், மாடி வீட்டு அக்கா அப்படிப் படுக்கக் கூடாது என்கிறார். அலுவலகத்திலிருந்து பார்க்க வந்த நான்கு பேரும் தங்கள் பிரசவத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லி, கடைசியில் "நீ எதையும் மனசுல போட்டுக்காதே, அமைதியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனதும் எடுத்துப் பார்த்தால் மிஷினில் எண் எகிறியிருந்தது.

உதை என்ற சொல்லே தவறு. ஐந்தாம் மாதத்தில் கண்ணிமை தானாகத் துடிக்குமே, அப்படித் தொடங்கியது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் மீன் திரும்புவது போல. இப்போது உள்ளே இடமில்லை, அதனால் உதைப்பதில்லை. நெளிகிறது, தேடுகிறது. பெரிய பையின் அடியில் கையை விட்டுச் சாவி தேடுவோம் இல்லையா? அந்தப் பையாக நீங்கள் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. வலது விலா எலும்புக்குக் கீழே உருண்டையாக ஒன்று அடிக்கடி வந்து நிற்கிறது. குதிகால் என்று நினைக்கிறேன். மெதுவாகத் தள்ளினால் போகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நான் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். பத்தாம் வகுப்பு அறிவியலில் கருப்பைக்குள் தலைகீழாகச் சுருண்டிருக்கும் குழந்தை என் கைவண்ணம்தான். அதை வரைந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. குதிகால் இருக்கும் இடத்தைக் காட்ட இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒன்று வரைந்திருக்கிறேன். இது புத்தகப் படம் போல இருக்காது.

அந்த ஹாரன் கதை எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதே இல்லை.

---

செப்டம்பர் 11

உன் கடிதம் வந்தது. 'நீ' என்று எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், உறவு கொண்டாடவில்லை.

கள்ளச்சாவி என்பதை அவருக்கு வாசித்தபோது கட்டில் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று குனிந்து பார்த்தேன், சிரிப்புத்தான். சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அதட்ட வேண்டியதாயிற்று. தொழிலில் நாங்கள் டூப்ளிகேட் என்போம். கள்ளச்சாவிதான் நல்ல தமிழ்.

பீரோவைப் பற்றிக் கேட்டாய். அது அதே அறையில் அதே மூலையில் இருக்கிறது. சாவி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பூட்டை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே திறந்துவிடுவேன். திறக்கவில்லை. அடியில் மட்டும் பெருக்குவேன். நீ வந்து திற, இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

பத்து மாதம் சின்னதுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நடந்தது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அம்மா போன பிறகு உன் அப்பா ஒரே வாரத்தில் மூன்று முறை சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று முறையும் நான்தான் போய்த் திறந்தேன். மூன்றாம் தரம், "ஒரு சாவி என் கடையிலயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். "வெளியில இருந்து திறக்க வேண்டியிருக்கே, அதான் கஷ்டமா இருக்கு" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அதுவரைக்கும் உள்ளேயிருந்து திறந்துவிட எப்போதும் ஆள் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். உன் அம்மாவைப் பற்றியே பேசினார். இன்றைக்கும் பேசுவார். எனக்குக் கேட்கப் பிடிக்கும்.

நீ வரைந்த படத்தைக் கட்டிலுக்கு அடியில், அவர் முகத்துக்கு நேராகத் தரையில் வைத்தேன். வாசிக்கத்தான் கூடாது, பார்க்கலாம் என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். உற்று உற்றுப் பார்த்தார். பிறகு, "குதிகாலா அது? முட்டியா இருக்கப் போகுது, கேளு" என்றார். அதனால் கேட்கிறேன். முட்டி இல்லை என்று எப்படித் தெரியும்?

இனி என் கேள்விகள். நீ தூங்கும்போது அதுவும் தூங்குமா, இல்லை அதற்குத் தனி நேரமா? வெளிச்சம் தெரியுமா? விக்கல் எடுக்கும் என்று ஒருத்தி பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போனாள், நிஜமா? உன் வீட்டுக்காரர் குரலுக்கும் வேறு ஆள் குரலுக்கும் வித்தியாசம் காட்டுகிறதா?

யோசனை சொல்லாமல் விடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் ஒன்றும் இல்லை.

பூட்டுக் கடை

---

செப்டம்பர் 13

நீங்கள் கேட்டவை எனக்கே தெரியவில்லை. அதனால் நேற்று முழுவதும் சோதித்துப் பார்த்தேன்.

முட்டி இல்லை. முட்டியானால் அழுத்தும்போது மடங்கும் திசை தெரிகிறது. இது வழுக்கிக்கொண்டு போகிறது. குதிகால்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

தூக்கம் அதன் இஷ்டம். நான் கண்ணை மூடியதும் அது வேலையைத் தொடங்குகிறது. நான் நடந்தால் தூங்குகிறது, நான் தொட்டிலாகிவிடுகிறேன் போல. விக்கல் நிஜம். நேற்று மதியம் சாப்பிட்ட பிறகு வந்தது. ஒரே இடத்தில், ஒரே தாளத்தில், பொறுமையாக. என் விக்கல் இல்லை, ஆனால் என் வயிற்றில். அப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றபோது ஏமாற்றமாக இருந்தது.

வெளிச்சத்துக்காக டார்ச்சை எடுத்து வயிற்றின் இடப்பக்கம் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஒரு திரும்பல், வலப்பக்கம் பார்த்து. மறுபக்கம் வைத்தேன், இந்தப் பக்கம் திரும்பியது. அதற்கு மேல் தொந்தரவு செய்ய மனமில்லை. தூங்குகிறவர் முகத்தில் டார்ச் அடித்தால் நாம் என்ன சொல்வோம்?

குரல் விஷயத்தில் என் வீட்டுக்காரர் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்வார், பயமே கிடையாது. ஆனால் எனக்குப் பிரஷர் எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மிஷின் எண்ணைக் காட்டும் முன்பே அவர் முகம் காட்டிவிடும். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு ஏறும். ஏறியதைப் பார்த்து அவர் முகம் இன்னும் மாறும். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் குரலுக்குக் குழந்தை நெளிகிறது. மிக்ஸிக்கும் நெளிகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து:

கடிதத்தை முடிப்பதற்குள் இடம் மாறிவிட்டது. இன்று காலையிலிருந்து அசைவு குறைவாக இருந்தது. முதலில் தூக்கம் என்று நினைத்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், பக்கம் மாறிப் படுத்தேன், விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தேன். அந்தக் குதிகால் வரவே இல்லை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

இங்கே வயிற்றில் பட்டை கட்டிக் கேட்டார்கள். இதயத் துடிப்பு இருக்கிறது. வேகமாக, யாரோ படி இறங்கி ஓடுவது போல. கேட்டதும் அழுதேன். குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் என் பிரஷர் வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லை, பிறக்கும்வரை இங்கேயே இரு என்கிறார்கள். சாயங்காலம் குதிகால் திரும்பி வந்தது. எதுவும் நடக்காதது மாதிரி.

"அமைதியா இருங்க" என்று டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், சுவரில் ஒட்டிய படத்திலிருக்கும் பெண்ணும் வாயில் விரல் வைத்துச் சொல்கிறாள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. பெல்ட் கட்டியிருக்கிறது, இடப்பக்கம் சுவர். எனக்கு ஏதாவது எழுதுங்கள். குழந்தையைப் பற்றி வேண்டாம்.

---

செப்டம்பர் 16

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். அசைவு குறைந்தது என்ற இடம் வந்ததும் நிறுத்தாமல் அடுத்ததற்குப் போய்விட்டேன். துடிப்பு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வாசிப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

நீ கேட்டபடி குழந்தை இல்லாத கதை ஒன்று.

எங்கள் கடைத்தெருவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ரொம்பக் கண்டிப்பு. போன வருடம் ஒருநாள் அவர் கிளினிக்கிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனால், டாக்டர் கழிவறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள் உடைந்து சிக்கிவிட்டது. வெளியே ஒரே கூட்டம். ஒருவர் தோளால் இடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் கீல் பக்கம் கழற்றச் சொல்கிறார். ஒரு அம்மா கதவில் வாயை வைத்து, "டாக்டர், பதறாதீங்க, பதறாதீங்க" என்று பதறிக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் ஒருவர் வாயில் பஞ்சோடு அண்ணாந்து கிடக்கிறார், அவரை யாரும் கவனிக்கவில்லை.

நான் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவருகில் குத்துக்காலிட்டேன். உள்ளேயிருந்து மெல்லிய குரல்.

"யாரு?"

"பூட்டுக் கடை."

"இப்ப என்ன பண்றீங்க?"

"சாவித் துவாரத்துல டார்ச் அடிச்சுப் பாக்கறேன்."

"என்ன தெரியுது?"

"உங்க சட்டைப் பொத்தான்."

கொஞ்சம் நகர்ந்து நின்றார். பிறகு மறுபடி, "இப்ப என்ன பண்றீங்க?" கம்பியை வளைக்கிறேன் என்றேன். "எந்தக் கம்பி, எவ்வளவு தடிமன்?" சொன்னேன். "எதுக்கு அந்தப் பக்கம் வளைக்கறீங்க?" அதையும் சொன்னேன். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் கேட்கக் கேட்க அவர் மூச்சு நிதானமாகிக்கொண்டு வந்ததைக் கதவு வழியாகவே கேட்க முடிந்தது. கடைசியில், "தாழ்ப்பாள் நாக்கு இந்தப் பக்கம் அசையுது, நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று அவரே உதவிக்கு வந்துவிட்டார். கதவு திறந்தது. தலை கலையாமல் வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டார். நாற்காலியில் இருந்தவர் வாயிலிருந்து பஞ்சை எடுத்து, "வலி போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார்.

உன் அப்பா நாளை மறுநாள் நிமிர்ந்து உட்காரலாம். பெரியப்பா வந்திருக்கிறார், இருவரும் ரேடியோவைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

அடுத்த கட்டிலில் யார் இருக்கிறார்கள்? உனக்கு என்னென்ன மாத்திரை கொடுக்கிறார்கள்? என்ன நிறம்? எழுது.

பூட்டுக் கடை

---

செப்டம்பர் 18

பல் டாக்டரை வார்டு முழுக்க வாசித்துக் காட்டினேன். அடுத்த கட்டிலில் இருப்பவர் ஒரு பஸ் கண்டக்டர், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். சிரித்துச் சிரித்துத் தையல் போடுவதற்கு முன்பே தையல் பிரிந்துவிடும் என்றார். காலை மாத்திரை மஞ்சள், இரவு மாத்திரை வெள்ளை.

இன்று ஊசி போட வந்த நர்ஸிடம், "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். எதற்கு அந்த ஊசி, எவ்வளவு நேரத்தில் இறங்கும், ஏன் கையில் சூடு பரவும் என்று ஒவ்வொன்றாக. டாக்டரிடமும் கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் வரைந்து காட்டினார். வரைந்தது மோசம், நான் திருத்திக் கொடுத்தேன். அடுத்து என்ன ஆகும் என்று பயப்படுவதை விட அடுத்து என்ன ஆகும் என்று கேட்பது சுலபமாக இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியம்தான். மாலையில் எடுத்தபோது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்தாகவும் இருக்கலாம்.

இருபத்தோராம் தேதி காலையில் வலி வர மருந்து தொடங்கப் போகிறார்கள். உள்ளே கூட இருக்க ஒருவரைத்தான் விடுவார்கள். என் வீட்டுக்காரர் தானே முன்வந்து சொல்லிவிட்டார்: "நான் வேணாம். என் மூஞ்சி உனக்கு ஒத்துக்காது." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், உண்மைதான். மாமியார் நல்லவர், ஆனால் பேசிக்கொண்டே இருப்பார்.

சித்தி என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாயில் சொல்லிப் பார்க்க இன்னும் வரவில்லை, கையில் வந்துவிட்டது. நீங்கள் வர முடியுமா? அப்பாவைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார் என்றால் மட்டும். வந்தால் எனக்குப் பக்கத்தில் நின்று, உங்களுக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் கேளுங்கள்.

உங்கள் நம்பரைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ரயில் ஏறியதும் சொல்லுங்கள்.

---

செப்டம்பர் 27

சித்திக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிரஷர் இறங்கிவிட்டது. உங்கள் பேத்தி பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், நடுவில் கத்துகிறாள். அவர் அவளைத் தூக்கும்போது மூச்சுவிட மறந்துவிடுகிறார், நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. போனில் தினமும் பேசுகிறோம்தான். ஆனால் ஒன்றை நான் போனில் கேட்க முடியாது. கேட்டால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் மழுப்ப உங்களுக்கு வராது.

எனக்கு அன்றைக்கு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மேலே அந்த விளக்கு. நீங்கள் பச்சை கவுனை முன்பின் மாற்றிப் போட்டிருந்தது. "ஐயோ" என்று நான் கத்தியபோதெல்லாம் நீங்கள், "இப்ப எங்க வலிக்குது? போன தடவை மாதிரியா, வேற மாதிரியா?" என்று கேட்டது. உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கேட்டதால் கவனித்தேன், கவனித்ததால் அந்த வலி கடந்து போனது. அப்புறம் இன்னொன்று.

அவள் வெளியே வந்துவிட்டாள் என்று சொன்னார்கள். பிறகு சத்தமே இல்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நடுவில் துணி. உங்கள் முகம் மட்டும் தெரிந்தது. உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கடையில் வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பது போல நின்றீர்கள். அதனால் நான் பயப்படவில்லை. பிறகு அழுகைச் சத்தம் வந்தது.

நடுவில் என்ன நடந்தது? உங்களுக்குப் பயமாக இல்லையா? என் மகள் பிறந்ததைப் பார்த்தவர் நீங்கள். நான் பார்க்கவில்லை. ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

---

செப்டம்பர் 30

கண்ணு,

சொல்கிறேன். மழுப்ப மாட்டேன்.

முதலில் தலை வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் படம்தான், அதனால் வழவழவென்று வரும் என்று நினைத்திருந்தேன். கறுப்பாக, ஈரமாக, சுருக்கம் விழுந்து, யார் மீதோ கோபமாக இருப்பது போல வந்தது. பிறகு ஒரு தோள். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வழுக்கல், டாக்டர் கையில் விழுந்துவிட்டாள். நிறம் சரியில்லை. நீலமும் சாம்பலும் கலந்த மாதிரி. கை கால் தொங்கிக்கொண்டு இருந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று இருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு நர்ஸிடம் கொடுத்தார். நர்ஸ் அவளை ஓரத்து மேஜையில் வைத்துத் துணியால் முதுகைத் தேய்த்தார். நன்றாக, பாத்திரம் தேய்ப்பது போல. இன்னொருவர் சின்னக் குழாயால் மூக்கைச் சுத்தம் செய்தார். யாரும் அவசரப்படவில்லை. அவர்கள் அவசரப்படாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். மிஷினைப் பார்க்காமல் உன் வீட்டுக்காரர் முகத்தைப் படிப்பவள் நீ. என் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் உனக்கு எல்லாம் ஏறிவிடும். அதனால் முகத்தைச் சாத்திக்கொண்டேன். மேலே அப்படி நின்றேனே தவிர, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கவுனைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. பின்னால் நின்ற ஆயா அதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி என் பின்பக்கம் கொண்டுவந்து வைத்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உன் கண்ணுக்குத் தெரியமாட்டேனே.

பயமாக இருந்ததா என்று கேட்டாய். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. எனக்குச் சாமியையெல்லாம் கூப்பிட்டுப் பழக்கமில்லை. மனசுக்குள், "இப்ப என்ன பண்றாங்க, இப்ப என்ன பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த நர்ஸின் கையை மட்டும் பார்த்தேன்.

அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அழுவதற்கு முன்னால், மூச்சு வருவதற்கு முன்னாலும் கூட இருக்கலாம், கண்ணைத் திறந்து பார்த்தாள். விளக்கை, நர்ஸை, அப்புறம் என் பக்கம். எதுவும் தெரிந்திருக்காது என்று டாக்டர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். இது என்ன இடம், நீங்கள் எல்லாம் யார் என்று கேட்பது போல இருந்தது. பிறகு தும்மினாள். தும்மிய பிறகுதான் அழுதாள். அழ அழ, மார்பிலிருந்து தொடங்கிக் கை கால் வரை சிவப்பு பரவியது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவளைத் துடைத்துச் சுற்றி என் மடியில் வைத்தார்கள். உன்னிடம் கொடுக்கும் வரைக்கும் ஒரு நிமிடம் இருக்கும். எவ்வளவு சூடாக இருந்தாள் தெரியுமா? குழந்தை இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

நேற்று உன் அப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டார். தும்மலை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அடுத்த மாதப் பயணத்துக்கு டாக்டர் சம்மதித்துவிட்டார், இருவரும் வருகிறோம். அதுவரை பொறுக்க முடியாமல் என்னையே குடைகிறார்.

"நிறம் என்ன?"

"சிவப்பு. மாறும்னாங்க."

"மூக்கு?"

"இருக்கு."

"விளையாடாதே. யாரு மாதிரி இருக்கா? அவ அம்மா மாதிரியா? இல்ல..." என்று நிறுத்திக்கொண்டார். யார் பெயரைச் சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம், நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் என் மடியில் இருந்த முகத்தை அப்படியே மனசில் கொண்டுவந்து, புருவம், வாய், அந்தக் கோபம் எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"யாரு மாதிரியும் இல்லைங்க. புதுசா இருக்கா."